குமுளி, கண்ணகி கோயில், கம்பமெட்டு: பெரியம்மாவோடு ஒரு பயணம்

மே 10, 2025, சனி. மதுரை – கம்பம்

மங்கலதேவி கண்ணகி கோயில் வருடத்தில் ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமிக்கு மட்டும்தான் திறக்கும். குமுளிக்கு மேலே, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், தமிழ்நாடும் கேரளமும் இன்னும் எல்லை பேசித் தீராத ஒரு மலை உச்சி அது. பெரியம்மாவுக்கு அங்கே போக ரொம்ப நாள் ஆசை. காரணம் கேட்டால், "நம்ம ஊரை எரிச்சுட்டுப் போனவ, போன எடத்துல எப்படி இருக்கான்னு ஒரு எட்டு பாத்துட்டு வரணும்ல" என்பார். சிம்மக்கல்காரர், 67 வயது. முழங்கால் இரண்டும் ஒத்துழைப்பதில்லை, வாய் நன்றாக ஒத்துழைக்கும்.

கிளம்புவதற்கு முன்பே குடும்ப வாட்ஸாப் குழுவில் அறிவுரைகள் குவிந்துவிட்டன. சேட்டன்மார் தமிழில் கேட்டால் பதில் சொல்ல மாட்டார்கள், ஆட்டோவில் ஏறுவதற்கு முன் காசு பேசிவிடு, ஏலக்காய்க்குச் சாயம் போட்டுத் தருவார்கள், கடையில் பில் வாங்கி இரண்டு தடவை கூட்டிப் பார். இதையெல்லாம் அனுப்பியவர்களில் தேனியைத் தாண்டிப் போனவர்கள் யாரென்று யோசித்துப் பார்த்தேன், ஒருவரும் இல்லை.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறும்போது காலை ஒன்பது மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. ஆண்டிபட்டிக் கணவாய் வரைக்கும் காய்ந்த பூமி. சின்னமனூர் தாண்டினதும்தான் தென்னையும் வாழையும் வயலுமாகப் பச்சை தெரிய ஆரம்பித்தது. எல்லாம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். அணை இருப்பது கேரளத்தில், கட்டி முடித்தது 1895-ல், பாய்வது இங்கே. கம்பம் பஸ் ஸ்டாண்டு வாசலில் பன்னீர் திராட்சை கிலோ 80 ரூபாய் என்றார்கள், பெரியம்மா பேரம் பேசி 70-க்கு வாங்கினார். புளிப்பு.

ராத்தங்கல் பெரியம்மாவின் நாத்தனார் மகன் வீட்டில். அண்ணன் காய்கறி ஏவாரம், தினமும் விடிகாலையில் கோஸும் தக்காளியும் குமுளி வழியாகக் கோட்டயம் பக்கம் போகும். சாப்பிட உட்கார்ந்ததும் கேரளத்தைப் பற்றி ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. அணையில் 142 அடி தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகும் தகராறு பண்ணுகிறார்கள், போன டிசம்பரில் ஆஸ்பத்திரிக் குப்பையைத் திருநெல்வேலி பக்கம் கொண்டுவந்து கொட்டினார்கள், கோர்ட் கேட்ட பிறகுதானே லாரி வைத்து அள்ளிக்கொண்டு போனார்கள், என்று ஒவ்வொன்றாக. இதில் எதுவும் பொய்யில்லை. நடுவில் போன் வந்தது. அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய் மலையாளத்தில், நான் இதுவரை அவரிடம் கேட்டறியாத ஒரு குழைவான குரலில், "சேட்டா, சேட்டா" என்று பத்து நிமிடம் பேசினார். திரும்பி வந்ததும் அண்ணி, "பணம் என்னைக்குத் தாராராம்?" என்று கேட்டார். "அந்தாளு மகளுக்கு காலேஜ் பீஸ் கட்டணுமாம். அடுத்த மாசம் பாத்துக்கலாம்னுட்டேன்." எவ்வளவு பாக்கி என்று பெரியம்மா விடாமல் கேட்க, ஒன்றரை லட்சத்துக்குப் பக்கம் என்றார். எழுத்து ஒன்றும் கிடையாதாம். அப்புறம் உட்கார்ந்து, ரசத்தை ஊற்றிக்கொண்டு, அணை விஷயத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

டிவியில் இந்தியா – பாகிஸ்தான் போர் நிறுத்தம் என்று ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

மே 11, ஞாயிறு. குமுளி

லோயர் கேம்பில் மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்துக்கொண்டே மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு காற்று மாறுகிறது. தமிழ்நாட்டு பஸ் எல்லையிலேயே நின்றுவிடும், இறங்கிச் செக்போஸ்ட்டை நடந்து தாண்டினால் கேரளம். பத்து அடிக்குள் வேட்டி மடித்துக்கட்டும் விதம் மாறுகிறது, கடைப் பலகையில் எழுத்து மாறுகிறது, நேந்திரங்காய் சிப்ஸ் பொரிகிற தேங்காய் எண்ணெய் வாசனை மூக்கில் ஏறுகிறது.

முதல் சிக்கல் லாட்ஜில். போனில் பேசி, முன்பணம் 500 ரூபாயும் அனுப்பியிருந்தேன். போய் நின்றால், "ரூம் இல்லையேம்மா, பௌர்ணமிக் கூட்டம், நீங்க கன்பார்ம் பண்ணலையே" என்கிறார். எனக்குப் பின்னால் வந்த காரில் இருந்தவர்களுக்கு என் கண் முன்னாலேயே சாவி கொடுத்தார். வாடகை என் காதில் விழுந்தது, எனக்குச் சொன்னதைப் போல மூன்று மடங்கு. மனுஷன் பேசியது சுத்தமான மதுரைத் தமிழ். பெரியம்மா கேட்டே விட்டார், செல்லூராம். முன்பணத்தை மட்டும் பெரியம்மாவின் வாய்க்குப் பயந்து திருப்பிக் கொடுத்தார்.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு சாப்பிடப் போனோம். சின்ன மெஸ், சாப்பாடு 90 ரூபாய். குண்டு குண்டாகச் சிவப்பரிசிச் சோறு, மோர்க்கறி, பயறு தோரன், பப்படம். ரோஸ் கலரில் வெந்நீர் வைத்தார்கள். பெரியம்மா டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்ளரைக் கழுவாம ஊத்திட்டாங்க போல" என்றார். பரிமாறிய சேச்சிக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். பதிமுகம் என்கிற மரத்தின் சீவலைப் போட்டுக் கொதிக்கவைப்பது, உடம்புக்கு நல்லது என்று விளக்கினார், பெரியம்மா சமாதானம் ஆகவில்லை. சேச்சி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ச் சாதா வெந்நீர் ஒரு சொம்பு கொண்டுவந்து வைத்தார். பக்கத்து மேஜையில் இருந்த பெரியவர் ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எங்களிடம் பேச்சுக் கொடுத்தார். தமிழ்நாட்டிலிருந்து வரும் வண்டிகள் காட்டு ஓரம் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு அப்படியே இலையும் பாட்டிலும் போட்டுவிட்டுப் போகின்றன, யானை தின்கிறது என்றார். அவர் சொன்ன தொனி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வருகிற வழியில் வளைவோரத்தில் கிடந்ததை நானும் பார்த்திருந்தேன்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. கோடை மழைதான், ஆனால் நின்று பெய்தது. ஒரு மசாலாக் கடைத் திண்ணையில் ஒதுங்கினோம். மரியாதைக்கு ஏதாவது வாங்குவோம் என்று ஏலக்காய் கேட்டேன், 100 கிராம் 350. கடைக்கார அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எவிடே இருந்து? மதுரையா? போடியில வாங்கிக்கோ. இது டூரிஸ்ட் விலை" என்றார், கல்லாவில் உட்கார்ந்துகொண்டே. அவர் மகன் உள்ளேயிருந்து அம்மாவை முறைத்தான்.

அந்த அம்மாதான் லாட்ஜ் கதையைக் கேட்டுவிட்டு யாருக்கோ போன் பண்ணினார். கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் குடையோடு வந்து எங்களை இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனான். ராவுத்தர் குடும்பம். வீட்டுக்குள் பேசுவது தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், இந்தப் பக்கத்தில் இது சாதாரணம். மகள் கல்யாணமாகிப் போனதால் மாடி அறை காலி. "800 ரூபா, வெந்நீர் உண்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல கதவு தொறக்க மாட்டேன்" என்றார் அந்த அக்கா, சிரிக்கவில்லை. பெரியம்மா சுவரில் மாட்டியிருந்த மக்கா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஈரச் சேலையைப் பார்த்தார். "தாயி, நாங்க நாளைக்குக் கோயிலுக்குப் போறோம். கவுச்சி சாப்பிடக் கூடாது, அதான்..." என்று இழுத்தார். "கண்ணகி கோயிலுக்குன்னு போன்லயே சொன்னாங்கக்கா. மீன்காரரை வேணாம்னு அனுப்பிட்டேன்" என்றார் அவர்.

ராத்திரிக்குக் கஞ்சியும் சிறுபயறும் தேங்காய்ச் சம்மந்தித் துவையலும். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. வாடகை 800-ல் ஒரு ரூபாய் குறைக்கவும் இல்லை, பெரியம்மா கேட்டுத்தான் பார்த்தார்.

மே 12, திங்கள். மங்கலதேவி

மூன்றரை மணிக்குக் கதவு தட்டினார் அக்கா. கட்டன் சாயாவும், வாழை இலையில் சுற்றி நூல் கட்டிய எலுமிச்சைச் சாதப் பொட்டலம் இரண்டும் கையில். மேலே பிளாஸ்டிக் விடமாட்டார்கள் என்று ஒரு எவர்சில்வர் தூக்கில் தண்ணீரும். "தூக்கைத் தொலைச்சிராதீங்க, எங்கம்மா குடுத்தது." அவ்வளவுதான், போய்ப் படுத்துவிட்டார்.

நாலரைக்கே ஜீப் வரிசை தெருவை வளைத்து நின்றது. கட்டணத்தை நிர்வாகமே நிர்ணயித்து எழுதி வைத்திருந்தார்கள், அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. மதுரை, தேனி, சென்னை, கொல்லம், கட்டப்பனை என்று எல்லா ஊர்க் கூட்டமும் இருந்தது. வரிசையில் இடம் பிடிப்பதில் ஒரு சின்னத் தள்ளுமுள்ளு, ஒரு பையன் எங்களைப் பார்த்து "பாண்டிகள்" என்று, தமிழர்களை மட்டம்தட்டுகிற பேரைச் சொல்லி முணுமுணுத்தான். பெரியம்மாவுக்குக் கேட்டதா இல்லையா தெரியவில்லை. இந்தப் பக்கத்திலும் இரண்டு பேர் அவனுக்குச் சளைக்காமல் கெட்ட வார்த்தை பேசினார்கள்.

எங்களுக்கு வாய்த்த ஜீப் டிரைவர் ஒரு முரட்டு ஆள். பெரிய மீசை, சிவந்த கண், ஏறும்போதே எல்லோரையும் திட்டினார். பையை மடியில் வை, காலை உள்ளே இழு, போட்டோ எடுக்கக் கையை வெளியே நீட்டினால் இறக்கி விட்டுவிடுவேன். "குடிச்சிருக்கான்" என்று பெரியம்மா என் காதில் தீர்ப்புச் சொன்னார். பாதை பாதையே இல்லை, பாறையும் சேறும், முந்தின நாள் மழையில் இன்னும் மோசம். ஆனால் அந்த ஆள் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் வண்டியை நிறுத்தி, "பிடிச்சோ, பிடிச்சோ" என்று கத்திவிட்டுத்தான் இறக்கினார். எதிரே வந்த வண்டிகளுக்கெல்லாம் ஒதுங்கி வழி விட்டார். வழியில் வனத்துறைச் சோதனை. பெரியம்மா சேலை மடிப்பில் ஒளித்து வைத்திருந்த கால் லிட்டர் பாட்டிலைக் காவலர் பெண் கண்டுபிடித்துவிட்டார். "இங்கயே குடிச்சிட்டு பாட்டிலைத் தந்துட்டுப் போங்க அம்மா" என்று முழுக்கக் குடிக்கும்வரை நின்றார். விளைவாக மேலே போனதும் நான் பெரியம்மாவுக்காக அலைந்த அலைச்சல் தனிக்கதை.

உச்சி 1,300 மீட்டருக்கு மேல். மரமெல்லாம் கீழேயே நின்றுவிட, வெறும் புல்மேடு. பெரிய பெரிய கருங்கல்லை அடுக்கிக் கட்டிய பழைய கோயில், பாதி சரிந்து கிடக்கிறது. கிழக்கே எட்டிப் பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு மொத்தமும் தெரிகிறது. அந்தப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், பளியன்குடியிலிருந்து செங்குத்தாக நடந்தே. கதைப்படி கண்ணகி மதுரையை விட்டு வைகைக் கரை வழியே மேற்கே நடந்தவள், 14-ஆம் நாள் வேங்கை மரத்தடியில் நின்றபோது முதலில் பார்த்து விசாரித்தவர்கள் மலைக் குறவர்கள். எந்த ஊர், என்ன சாதி என்று தெரியாத ஒரு பெண். எனக்கு அந்த இடம் எப்போதும் பிடிக்கும்.

ஒரு சந்நிதியில் தமிழ்நாட்டுப் பூசாரிகள், இன்னொன்றில் கேரளப் பூசாரிகள். இரண்டு மாநிலப் போலீசும் நிற்கிறார்கள். ஒரு பக்கம் குலவை, ஒரு பக்கம் செண்டை. வரிசையில் எங்களுக்கு முன்னால் சங்கனாசேரியிலிருந்து வந்த ஒரு குடும்பம், பெரியம்மா நிற்க முடியாமல் தடுமாறுவதைப் பார்த்து அந்த வீட்டுப் பையன் தன் பையை மடித்துத் தரையில் போட்டான். வரிசை நகர நகர அவன் பையைத் தூக்கி முன்னால் போடுவதும், பெரியம்மா மகாராணி மாதிரி நாலடி நடந்து உட்காருவதுமாக ஒரு மணி நேரம். அவன் காதில் கடுக்கன், கை முழுக்கப் பச்சைகுத்து, தலையில் பாதி சிவப்புச் சாயம். "எங்க தெருவுல இப்படி ஒருத்தனைப் பாத்திருந்தா கதவைச் சாத்தியிருப்பேன்" என்று அவனிடமே சொன்னார் பெரியம்மா. அவனுக்குப் புரிந்தது பாதிதான், சிரித்தான்.

தரிசனம் ஒரு நிமிடம். வளையலும் மஞ்சள் கயிறும் குங்குமமும் கிடைத்தன. எலுமிச்சைச் சாதத்தைப் புல்மேட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். காற்றில் இலை பறந்து போய்ப் பக்கத்தில் இருந்தவர் முகத்தில் ஒட்டியது.

இறங்கும்போது பெரியம்மாவின் செருப்பு வார் பிய்ந்துவிட்டது. கல்லுப் பாதை, ஜீப் நிற்கும் இடத்துக்கு இன்னும் தூரம். ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது காலையில் வந்த அதே மீசைக்காரர் வண்டி நின்றது. பெரியம்மா காலைப் பார்த்தார். "செருப்பை இங்க தா" என்று அதட்டினார். டூல் பெட்டியைத் திறந்து, ஆணியால் இரண்டு துளை போட்டு, வயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டியை உள்ளே விட்டு இழுத்து முறுக்கி, வெளியே நீட்டின நுனியைக் கத்தியால் சீவி, கால் உறுத்துகிறதா என்று இரண்டு தடவை போட்டுப் பார்க்கச் சொன்னார். பின்னால் வண்டி வரிசை ஹாரன் அடிக்கிறது, இவர் திரும்பி அவர்களையும் ஒரு வசவு. கண் சிவப்பு பற்றிப் பெரியம்மா நேராகவே கேட்டுவிட்டார். ராத்திரி முழுக்க இந்தப் பாதையில் தண்ணீர்த் தொட்டியும் சாமானும் ஏற்றினாராம், தூங்கவில்லை. பெரியம்மா பத்து ரூபாய் நீட்ட, அவர் அதை வாங்கி டாஷ்போர்டில் இருந்த மாதா படத்துக்கு முன்னால் சொருகினார்.

ராத்திரி தூக்கைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தோம். அக்கா மூடியைத் திறந்து பார்த்து வாங்கிக்கொண்டார்.

மே 13, செவ்வாய். கம்பமெட்டு

வந்த வழியே இறங்காமல் கம்பமெட்டு வழியாகப் போங்கள், ஏலத்தோட்டம் பார்க்கலாம் என்றது ராவுத்தர் வீட்டு அக்கா. அணக்கரை, புற்றடி என்று பஸ் மாறி மாறிப் போனோம். வழியெல்லாம் மர நிழலில் ஏலச்செடி, ஈர மண் வாசனை. ஏலக்காயின் மின் ஏலம் நடப்பது புற்றடியிலும் போடியிலும்தான், அதாவது ஒன்று அந்த மாநிலம், ஒன்று இந்த மாநிலம். வாங்குகிற வியாபாரிகள் இரண்டுக்கும் போய்வருகிறவர்கள்.

கம்பமெட்டில் வந்து மாட்டிக்கொண்டோம். கம்பத்துக்கு இறங்க வேண்டிய பஸ் வழியில் பழுதாகி நிற்கிறதாம். நாலரை மணி, மூடுபனி ஏறுகிறது, டீக்கடையில் இரண்டு டீயும் பழம்பொரியும் ஆனது. ஐந்து மணிவாக்கில் தோட்ட வேலை முடிந்து ஜீப்புகள் வர ஆரம்பித்தன. கம்பம், கூடலூர் பக்கத்துப் பெண்கள் தினமும் விடியுமுன் மலையேறி, கேரளத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புகிறவர்கள். ஒரு ஜீப் டீக்கு நின்றது. உள்ளே எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். பெரியம்மாவைப் பார்த்ததும் ஒரு அக்கா, "ஏத்தா, எம்புட்டு நேரமா நிக்கிறீக? ஏறுங்க" என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டார். டிரைவர் இடமில்லை என்று கத்தினார். "நாங்க மடியில வச்சுக்கிறோம், நீ ரோட்டைப் பாரு." பெரியம்மா உண்மையிலேயே பாதித் தூரம் யார் மடியிலோதான் வந்தார். இந்த ஜீப்புகள் இப்படி ஏற்றிக்கொண்டு வருவது ஆபத்து, விபத்துகள் நடந்திருக்கின்றன. அதை நான் சொன்னதற்கு, "நடந்தா வர முடியும்?" என்று பதில் வந்தது.

சீசன் இன்னும் தொடங்கவில்லை, இப்போது களையும் கவாத்தும்தான். பேச்சு கூலிக்குப் போனது, அங்கிருந்து இந்திக்காரப் பையன்களுக்குப் போனது. ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்து தோட்டத்திலேயே தங்குகிறார்கள், கூலியைக் கெடுத்துவிட்டார்கள், குளிக்க மாட்டார்கள், எந்நேரமும் போன், என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பெரியம்மா ஆர்வமாகத் தலையாட்டிக்கொண்டு வந்தார். முதல் திருப்பத்தில் ஜீப் நின்றது. ரோட்டோரம் ஒரு பையன் கையைக் காட்டிக்கொண்டு நின்றான், இருபது வயதுகூட இருக்காது, கம்பத்தில் மருந்து வாங்கப் போக வேண்டுமாம், காய்ச்சல். அவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்த அதே அக்கா அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "கொதிக்குது பாரு. காலைலயே சொன்னேன்ல, மழையில நிக்காதடான்னு." தூக்குச் சட்டியில் மிச்சம் இருந்த சோற்றைக் கருவாட்டுக் குழம்போடு பிசைந்து அவன் கையில் கொடுத்து, தின்றால்தான் ஏற்றுவேன் என்றார். அவன் தமிழும் மலையாளமும் இந்தியும் கலந்து ஏதோ சொல்லிக்கொண்டே தின்றான்.

2011 டிசம்பரைப் பற்றி நான்தான் கேட்டேன். அணைப் பிரச்சினையில் எல்லை மூடி, வண்டிகளை அடித்து, தோட்டத்துக்குப் போன தமிழ்ப் பெண்களை விரட்டிய மாதம் அது. ஜீப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் கடைசியில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா சொன்னார். கல் விழ ஆரம்பித்ததும் தோட்டத்து முதலாளி இவர்களை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாராம். ராத்திரி அவருடைய சம்சாரம் கப்பைக் கிழங்கு அவித்து ஜன்னல் வழியாகக் கொடுத்திருக்கிறார். விடிகாலையில் லைட் போடாமல் ஜீப் ஓட்டி எல்லையில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். "நல்ல மனுசன்" என்றேன். "நல்லவரா? அந்த ரெண்டு நாள் கூலியை இன்னும் தரல" என்றார் அந்த அம்மா. ஜீப்பே குலுங்கச் சிரித்தது. கூலியைக் கேட்டுக்கொண்டே இன்றைக்கும் அந்தத் தோட்டத்துக்குத்தான் போகிறார்.

கம்பத்தில் இறங்கியதும் டிரைவர் தலைக்கு 50 ரூபாய் கேட்டார். அக்கா விடவில்லை. "எங்க கூட வந்தவகளுக்கு வாடகையா?" "டீசலை ஒங்க முதலாளியா ஊத்துறாரு?" நடுரோட்டில் பத்து நிமிடச் சண்டைக்குப் பிறகு இரண்டு பேருக்கும் சேர்த்து 60 என்று முடிந்தது.

அதற்குள் பெரியம்மா அந்த வயதான அம்மாவிடம் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு வலது கண்ணில் புரை, மதுரைக்கு வந்து காட்ட வேண்டும், ஆனால் அங்கே யாரையும் தெரியாது, மதுரைக்காரர்கள் ஏமாற்றிவிடுவார்கள் என்று மகள் பயப்படுகிறாளாம். பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. என் போனைப் பிடுங்கி நம்பர் குறித்துக்கொண்டார்.

வருகிற வியாழக்கிழமை அம்மாவும் மகளும் வருகிறார்கள். ஆரப்பாளையத்தில் போய்க் கூட்டிவர வேண்டியது நான். கட்டிலில் கிடந்த துணி மூட்டையையெல்லாம் பெரியம்மா ஏற்கெனவே என் அறைக்கு மாற்றிவிட்டார்.